மூன்றாவது ஊசி

2024 செப்டம்பர் 18, புதன்கிழமை. அன்று மாலை ஐந்தரை மணிக்குப் போடிநாயக்கனூர் ஜீப் நிறுத்தத்தில் ஓர் அநியாயம் நடந்தது. எட்டுப் பெண்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்த ஓர் ஓட்டுநரை, அவர்களுள் ஒருத்தி கண் விழிக்கவில்லை என்னும் ஒரே காரணத்திற்காக, விஷம் வைத்தவன் என்று ஊர் முடிவு கட்டியது. அம்முடிவை முதலில் வாய்விட்டுச் சொன்னவர் விவரம் தெரியாதவர் அல்லர். முப்பத்திரண்டு ஆண்டுகள் காவல் துறையில் இருந்து, உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்று, ஏலக்காய்க் கடை ஒன்றின் மாடியில் ‘துப்பறியும் நிலையம்’ என்று பலகை மாட்டியிருந்த உக்கிரபாண்டிதான் அவர்.

நடந்தது இதுதான். மேட்டுத் தோட்டங்களில் ஏலக்காய் எடுக்கும் பெண்கள் விடியற்காலையில் ஜீப் ஏறிப் போவார்கள். மாலையில் அதே ஜீப்பில் இறங்குவார்கள். இறங்கும்போது, மலைச்சாலையின் வளைவுகள் எத்தனை இருந்தாலும், ஒருவர் தோள்மீது ஒருவர் சாய்ந்து எல்லாரும் உறங்குவார்கள். அன்றும் உறங்கினார்கள். ஊர் வந்ததும் ஏழு பேர் விழித்தார்கள், பொன்னுமணி விழிக்கவில்லை. முப்பத்தாறு வயது; நோய் நொடி இல்லாதவள். சேலையில் பூச்சிமருந்தின் நெடி. இருக்கைக்கு அடியில் தோட்டத்துப் பூச்சிமருந்து டின் ஒன்று.

உக்கிரபாண்டி டின்னை முகர்ந்தார், சேலையை முகர்ந்தார்.

“இறங்குறப்ப போடிமெட்டுல டீ வாங்கிக் குடுத்தது யாரு?”

“நாந்தான் அய்யா,” என்றான் ஓட்டுநர் ஜெகதீஷ். அவன் கை இன்னும் பொன்னுமணியின் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தது.

“அப்ப நீதான்.”

இரண்டே சொற்கள். அவை கூட்டத்திற்குப் போதுமாயிருந்தன. ஒருவன் அறைந்தான், இன்னொருவன் சட்டையைக் கிழித்தான், மூன்றாமவன் ஜீப் சாவியைப் பிடுங்கிக்கொண்டான். ‘இவளுக்கும் அவனுக்கும் என்ன சமாச்சாரமோ’ என்று ஒரு குரல் எழுந்தது; எவரும் அதை மறுக்கவில்லை. மயங்கிக் கிடந்தவளின் மானமும் அவனுடைய சட்டையோடு சேர்ந்து கிழிந்தது.

பொன்னுமணியை ஓர் ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு உக்கிரபாண்டி பின்னால் நடந்தார். பக்கத்தில் அவருடைய உதவியாளர் நஜீமா தன் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு வந்தாள். இருபது ஆண்டுகள் மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுத்தவள் அவள்; எடுத்துக் கொடுத்த மாத்திரைகளைவிடக் கொடுத்த குத்தல்கள் அதிகம் என்பது கடைத்தெருவின் கணிப்பு.

“கண்டுபிடிக்க எவ்வளவு நேரம்ணே ஆச்சு?”

“நாலு நிமிஷம்.”

“வெள்ளாட்டுக் கேசுக்கு நாலு மாசம். ஆடும் கிடைக்கல, களவாணியும் கிடைக்கல. ஆக, நல்ல முன்னேற்றந்தான்.”

“நஜீமா, இது கேலி பண்ற நேரமில்ல.”

“சரிண்ணே, கேள்வி கேக்குற நேரமா? எட்டுப் பேரும் ஒரே கெண்டியிலதான் டீ குடிச்சிருக்காங்க. ஏழு பேரு நின்னு வேடிக்கை பாக்குறாங்க. வெசத்துக்குப் பொன்னுமணி வீட்டு விலாசம் மட்டும் எப்படித் தெரிஞ்சுச்சு?”

“தம்ளர்ல போட்டிருப்பான்.”

“பாத்தது யாரு?”

“சேலையில நாத்தம் அடிக்குதே!”

“நேத்து மருந்தடிச்ச காட்டுல இன்னைக்குக் காய் எடுத்தா மல்லிகைப்பூ வாசமாண்ணே அடிக்கும்? தோட்டத்து டின்னு தோட்டத்து வண்டியில கிடக்காம எங்க கிடக்கும்? மத்த ஏழு சேலையையும் மோந்து பாத்தீங்களா?”

அவர் பார்க்கவில்லை. மருத்துவமனைப் படிகளில் விறுவிறுவென்று ஏறினார்.

“அடேயப்பா! பகல்ல படி ஏறுறப்ப இந்த மூட்டு வலிக்க மாட்டேங்குது. ராத்திரி பத்து மணியானா மட்டும் வலி மாத்திரை கேக்குது. மணி பாத்து வலிக்கிற மூட்டை நான் இப்பத்தான் பாக்குறேன்.”

“சோலியப் பாரு,” என்றார் உக்கிரபாண்டி, வேண்டியதைவிடச் சற்று உரக்க.

டாக்டர் சிவரஞ்சனியின் மருத்துவமனை நான்கு படுக்கைகள் கொண்டது. செயற்கைச் சுவாசக் கருவி அங்கே இல்லை. தேனிக்குக் கொண்டுபோக ஆம்புலன்சுக்குச் சொல்லியிருந்தார்கள். அது வேறொரு விபத்துக்குப் போயிருந்தது. பொன்னுமணியின் மூச்சு நீண்ட இடைவெளி விட்டு வந்துகொண்டிருந்தது. ஒவ்வோர் இடைவெளியிலும் சுவரோரம் நின்ற ஒச்சம்மாள் தன் மூச்சையும் நிறுத்திக்கொண்டாள். அதே ஜீப்பில் வந்தவள் அவள், பொன்னுமணிக்கு உறவில் மதினி, உக்கிரபாண்டியின் தெருக்காரி.

“பூச்சிமருந்துன்னு ஊரு முழுக்கச் சொன்னது நீங்கதானா சார்?” என்றார் டாக்டர், தலையை நிமிர்த்தாமலே.

“ஆமா, டாக்டர்.”

“பூச்சிமருந்து உள்ள போயிருந்தா வாயில எச்சில் ஒழுகும், வேர்த்துக் கொட்டும், கண்ணு பாப்பா குண்டூசி முனையாச் சுருங்கிடும். இவங்களுக்கு நாக்கு வறண்டு கிடக்கு. ஆனாலும் ஊரே சொல்லுதேன்னு, அந்த வெசத்துக்கான முறிவு மருந்துல கொஞ்சூண்டு போட்டுப் பாத்தேன். வெசம் உள்ள இருந்திருந்தா அந்த அளவெல்லாம் போன இடம் தெரியாது. இவங்களுக்கு நாடி எண்பதுல இருந்து நூத்திப்பத்துக்கு எகிறிடுச்சு.”

“ஆக, உள்ள வெசம் இல்ல. போச்சுண்ணே உங்க நாலு நிமிஷம்,” என்றாள் நஜீமா.

உக்கிரபாண்டியின் காதுமடல்கள் சூடேறின. அங்கே, அந்த நிறுத்தத்தில், ஒருவன் கிழிந்த சட்டையோடு தரையில் உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்தது. ஓர் ஆளை அனுப்பி அவனை விடச் சொல்லலாம். ஆனால் சொல்வதற்கு இன்னும் வேறொரு குற்றவாளி கிடைக்கவில்லையே! ‘தவறிவிட்டேன்’ என்று வெறுங்கையோடு போய் நிற்க அவர் மனம் ஒப்பவில்லை.

“ரெண்டாவது ஊசி, அபின் வகை மருந்துகளுக்கு,” என்று டாக்டர் தொடர்ந்தார். “அதுக்கும் அசையல. ஆக அதுவும் இல்ல. இப்ப மூணாவது ஒண்ணு இருக்கு. தூக்க மாத்திரைக்கான முறிவு. ஆனா எடுத்ததும் போட்டுட முடியாது. ஒச்சம்மா, இவங்களுக்கு எப்பவாச்சும் வலிப்பு வந்திருக்கா?”

“இல்லம்மா. எங்கூடவே வளந்தவ. ஒரு நாளும் இல்ல.”

“தினமும் தூக்க மாத்திரை போடுவாங்களா?”

“ஆத்தாடி! படுத்தா கட்டையாத் தூங்குவா.”

“நல்லது. தினம் போட்டுப் பழகுன ஆளா இருந்தா இந்த ஊசியே வலிப்பைக் கொண்டாந்துடும். ராத்திரி ராத்திரி மாத்திரை போட்டுட்டு வெளியில சொல்லாத மனுசங்க எத்தனையோ பேரு. அவங்களுக்கு இது எமன்.”

உக்கிரபாண்டி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே பார்ப்பதற்கு ஒரு சுவரைத் தவிர வேறெதுவும் இல்லை.

இதயத் துடிப்பின் வரைபடத்தை டாக்டர் இன்னொரு முறை பார்த்தார். செவிலியரை மூச்சுப் பையோடு தலைமாட்டில் நிறுத்தினார். பிறகு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார். ஒரு நிமிடம் ஆயிற்று. ஒன்றுமில்லை. இன்னும் சிறிது ஏற்றினார். பொன்னுமணியின் புருவம் நெளிந்தது. ஈரத் துணியை விலக்குவதுபோலக் கையால் முகத்தைத் துடைத்தாள். கண்ணைத் திறந்தாள்.

“வண்டி போயிருச்சா?” என்றாள்.

ஒச்சம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“யா அல்லா!” என்றாள் நஜீமா. “டாக்டரம்மா, பூட்டைக் கழட்டிப் பாக்காமலே, எந்தச் சாவி திரும்புதுன்னு பாத்துப் பூட்டுக்குப் பேரு வச்சுட்டீங்க. எங்க ஆபீசுக்கு வர்றீங்களா? ஆட்டுக் கேசு ஒண்ணு பாக்கி இருக்கு.”

டாக்டர் சிரிக்கவில்லை. “சந்தோசப்படாதீங்க. இந்தச் சாவி வெரசா தேஞ்சுரும். மாத்திரை உள்ளயேதான் இருக்கும். ஒரு மணி நேரத்துக்குள்ள திரும்ப மயங்குவாங்க. தூக்க மாத்திரை வகைன்னு மட்டுந்தான் ஊசி சொல்லும். எந்த மாத்திரை, எந்த அளவுன்னு சொல்லாது. அது தெரியணும். சிலது ராத்திரியோட போயிரும். சிலது ரெண்டு நாளு உடம்பை விடாது. கேக்குறதை இப்பவே கேளுங்க.”

உக்கிரபாண்டி கட்டிலருகே குனிந்தார். “பொன்னுமணி, டீயில ஜெகதீஷ் என்ன கலந்தான்?”

அவள் அவரை விளங்காமல் பார்த்தாள். “அந்தத் தம்பியா? அது என்னத்தக் கலக்கும்? இடுப்பு வலின்னு மாத்திரை போட்டேன் அய்யா. மத்தியானம் ரெண்டு. கேக்கல. போடிமெட்டுல மிச்சம் ஆறையும் போட்டுட்டேன். தொண்டையில சிக்கிக்கிருச்சு. அந்தத் தம்பிதான் ஓடிப்போயித் தண்ணி பிடிச்சாந்து குடுத்துச்சு.”

“யாரு குடுத்த மாத்திரை?”

“மதினிதான். அதுக்கு மூட்டு வலிக்கு வாங்குனது. பாவம், எனக்குன்னு அப்படியே குடுத்துருச்சு.”

அந்த ஜீப்புகளில் அது வழக்கம். ஒருத்திக்கு முதுகு பிடித்தால் இன்னொருத்தியின் முந்தியிலிருந்து மாத்திரை வரும். அட்டையிலிருந்து பிரித்து, கிடைத்த தாளில் மடித்த பொட்டலம். பெயரும் இல்லை, அளவும் இல்லை. ‘வலி மாத்திரை’ என்றால் வலி மாத்திரை. வெற்றிலையை மாற்றிக்கொள்வதுபோல மாற்றிக்கொள்வார்கள். வேலைக்குப் போகாமல் படுத்திருக்க ஒருத்திக்கும் வழியில்லை என்பதால், வலித்த உடம்பை மாத்திரையால் அடித்து எழுப்பி மலையேற்றும் பழக்கம் அது.

பொன்னுமணியின் வயர்க்கூடை கட்டிலின் கீழே இருந்தது. உக்கிரபாண்டி அதை எடுத்தார். தூக்குவாளி, ஒரு துண்டு, அதன் மடிப்பில் கசங்கிய ஒரு தாள். வெறும் பொட்டலம். பிரித்தார்.

நாள்காட்டியிலிருந்து கிழித்த தாள். செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. திருப்பினார். பின்புறத்தில் நீல மையில், அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்தில் எழுதியிருந்தது:

‘வெள்ளாடு. இடது காதில் வெட்டு. சாட்சி இல்லை.’

அது அவருடைய கையெழுத்து.

அறை அப்படியேதான் இருந்தது. விளக்கும் விசிறியும் கட்டிலும் அப்படியேதான் இருந்தன. உக்கிரபாண்டிக்கு மட்டும் கால்களின் கீழே தரை ஒரு படி இறங்கிற்று. ஞாயிற்றுக்கிழமை ஒச்சம்மாள் மூட்டு வலி என்று வாசலில் வந்து நின்றதும், அவர் மனைவி குருவம்மாள் உள்ளே போய் அலமாரியிலிருந்து ‘மூட்டு வலி மாத்திரை’ என்று எழுதிய புட்டியை எடுத்ததும் அவர் கண்முன் வந்தன. தாராளமாய் எட்டு மாத்திரைகள் கொடுத்திருக்கிறாள். கையில் கிடைத்த தாளில் மடித்திருக்கிறாள். அவள்மீது குற்றமே இல்லை. புட்டியின்மேல் எழுதியிருந்ததை அவள் நம்பினாள்.

அப்படி எழுதியவர் அவர். இரண்டு ஆண்டுகளாக அவருக்குத் தூக்கம் இல்லை. கள்ளச்சாவிக் கூட்டங்களைப் பிடித்த உக்கிரபாண்டிக்குப் படுத்தால் கண் மூடவில்லை என்பது தெரிந்தால் ஊர் என்ன சொல்லும்? வீட்டில் என்ன நினைப்பார்கள்? மதுரையில் ஒரு மருத்துவரைப் பார்த்தார்; அவர் எழுதிக் கொடுத்ததை மதுரையிலேயே வாங்கினார்; அட்டையிலிருந்து ஒவ்வொன்றாக உதிர்த்து வலி மாத்திரைப் புட்டிக்குள் போட்டார்; அட்டைகளைக் கொளுத்தினார். தடயத்தை அழிப்பது எப்படி என்று அவருக்குத் தெரியாதா என்ன?

தாள் அவருடைய சட்டைப் பைக்குள் போயிற்று. கை தானாகவே செய்தது என்று பிறகு அவர் தம்மையே தேற்றிக்கொள்ள முயன்றார். கை தானாக எதையும் செய்வதில்லை.

“ஒச்சம்மா,” என்று டாக்டர் திரும்பினார். “மாத்திரை எங்க வாங்குனீங்க?”

ஒச்சம்மாள் உக்கிரபாண்டியைப் பார்த்தாள். ஒரே பார்வைதான். அவளுக்குக் கணக்கு விளங்கிவிட்டது. வாசலில் வந்து நின்ற தன்னை வெறுங்கையோடு அனுப்பாத ஒரு வீட்டை ஊர்வாயில் போட அவளுக்கு மனம் வரவில்லை.

“சந்தையில வாங்குனேம்மா,” என்றாள். “எந்தக் கடைன்னு நெனப்பில்ல.”

“நெனச்சுப் பாருங்க. உயிர் விசயம்.”

“நெனப்பில்லம்மா. வேணும்னா என்னையப் போலீசுல சொல்லிக்கங்க. நாந்தான் குடுத்தேன். நாந்தான்.”

முப்பத்திரண்டு ஆண்டுகளில் எத்தனையோ பொய்களை அவர் கேட்டிருந்தார். தமக்காகத் தலையைக் கொடுக்கும் பொய்யை அன்றுதான் கேட்டார். கேட்டும் பேசாமல் நின்றார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், சுவர்க்கடிகாரம் மூன்றாவது நிமிடத்தைத் தொட்டது. கட்டிலில் பொன்னுமணி, “மதினி, கண்ணக் கட்டுது,” என்றாள். சொல்லின் வால் குழைந்தது. இமைகள் இறங்கின. மூச்சின் இடைவெளி மறுபடியும் நீண்டது.

“சொன்னேன்ல?” டாக்டர் பாய்ந்தார். “இன்னொரு அளவு ஏத்தறேன். ஆனா எத்தனை நேரத்துக்குன்னு கண்ணைக் கட்டிக்கிட்டு ஏத்துறது? என்ன மாத்திரைன்னு தெரிஞ்சாகணும்!”

நஜீமா அவரருகே வந்தாள். அவள் குரலில் இப்போது கேலி இல்லை.

“அண்ணே. பையில என்ன?”

அவர் கை சட்டைப் பையின்மீது போயிற்று.

“நீங்க ஒளிச்சத நான் பாத்துட்டேன். பாத்தது பெருசில்ல. நீங்களாச் சொன்னாத்தான் பெருசு.”

உக்கிரபாண்டி தாளை எடுத்து மருந்து மேசைமீது விரித்து வைத்தார். வெள்ளாடும் இடது காதும் எல்லார் பார்வைக்கும் கிடந்தன.

“என் வீட்டு மாத்திரை, டாக்டர். நான் தினம் ராத்திரி போடுற தூக்க மாத்திரை. ரெண்டு வருசமாப் போடுறேன். யாருக்கும் தெரியக்கூடாதுன்னு வலி மாத்திரைப் புட்டியில போட்டு வச்சேன்.” பிறகு மாத்திரையின் பெயரைச் சொன்னார், அளவைச் சொன்னார். இரண்டையும் சொல்லும்போது அவர் குரல், பிடிபட்டவர்கள் அவர்முன் நின்று பேசிய குரலாகவே இருந்தது.

“நீண்ட நேரம் நிக்கிற ரகம்,” என்றார் டாக்டர். “நாளைக்கு முழுக்கக் கூட இருக்கும். அப்போ இந்த ஊசியை நம்பி விட முடியாது. மூச்சுக்குக் குழாய் தயாரா வைக்கணும். தேனிக்கு நானே கூடப் போறேன். இதை அஞ்சு நிமிஷம் முன்னாடி சொல்லியிருக்கலாமே சார்?”

அந்தக் கேள்விக்கு உலகத்தில் எந்த முறிவு மருந்தும் இல்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. ஏற்றும்போது பொன்னுமணியின் மூச்சு சீராக இருந்தது. ஒச்சம்மாள் படியில் நின்று, “எதுக்கு அய்யா சொன்னீக? நாஞ் சமாளிச்சிருப்பேன்ல?” என்றாள். அவர் அவளை நிமிர்ந்து பார்க்க முடியாமல் அவள் செருப்பைப் பார்த்தார். இரண்டு வார்களும் வெவ்வேறு நிறம்.

ஜீப் நிறுத்தத்திற்கு அவர் நடந்தே போனார். நஜீமா ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு கூடவே வந்தாள். வழிநெடுக ஒரு குத்தல்கூட இல்லை. அவள் கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பார்.

ஜெகதீஷ் தன் ஜீப்பின் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உதடு வீங்கியிருந்தது. காவலுக்கு நின்றவர்களிடமிருந்து உக்கிரபாண்டி சாவியை வாங்கினார். நின்றவர்கள் அனைவருக்கும் கேட்கும்படி பேசினார். விஷம் இல்லை, தேநீரில் எதுவும் இல்லை, மாத்திரை என் வீட்டது, பொய்ப் பெயர் எழுதி வைத்தவன் நான், இந்தத் தம்பி செய்தது தண்ணீர் கொடுத்தது மட்டும் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லிவிட்டுச் சாவியை இரண்டு கைகளாலும் நீட்டினார்.

ஜெகதீஷ் சாவியை வாங்கினான். எழுந்தான்.

“பொன்னுமணி அக்கா எப்படி இருக்கு?”

“பொழைச்சுக்குவா.”

“அது போதும்.” ஜீப்பில் ஏறி உட்கார்ந்தான். பிறகு தலையை மட்டும் வெளியே நீட்டினான். “அய்யா, நீங்க என்னையச் சொன்னப்ப இங்க முந்நூறு பேரு நின்னாங்க. இப்ப பதினஞ்சு பேருதான் நிக்கிறாங்க. மிச்சப் பேருக்கு யாரு சொல்றது? நாளைக்கு எந்தப் பொம்பளை அய்யா என் வண்டியில ஏறுவா?”

வண்டி போய்விட்டது. நஜீமா ஸ்கூட்டரைத் திருப்பினாள்.

“அண்ணே, காலையில நாலே முக்காலுக்கு நான் வந்து கதவத் தட்டுறேன். மொத ஜீப்பு அஞ்சு மணிக்கு.”

“தட்ட வேண்டாம்மா,” என்றார் உக்கிரபாண்டி. “இன்னைக்கு நான் தூங்கப் போறதில்ல.”

மறுநாள் விடியற்காலையில், ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகும் ஒவ்வொரு ஜீப்பின் முன்னும் ஒருவர் நின்று, நேற்றுச் சொன்னது பொய் என்று சொன்னார். குருவம்மாளும் பக்கத்தில் நின்றாள்; வீட்டிலேயே அவளுக்கு முதலில் சொல்லியிருந்தார். சில பெண்கள் கேட்டார்கள்; சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஜெகதீஷின் வண்டியில் மூன்று பேரே ஏறினார்கள். முதலில் ஏறியவள் ஒச்சம்மாள்.

இதை வாசிக்கும் நீங்கள் அந்த முந்நூறு பேருள் ஒருவர் அல்லர் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? கேட்ட பழியைச் சுமந்து வீட்டிற்குப் போய், திருத்தத்தைக் கேட்கத் திரும்பி வராதவர் இல்லையா நீங்கள்? அப்படிப்பட்டவர் என்றால், அந்தப் பழியை எங்கே சொன்னீர்களோ அங்கேயே போய், அதே குரலில் திரும்பப் பெறுங்கள். இல்லையென்றால், புத்தகத்தை மூடிவிட்டு உங்கள் வீட்டு அலமாரியைத் திறவுங்கள். புட்டியின்மேல் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒன்று இல்லையென்றால், யாரிடம் மறைக்கிறீர்களோ அவரை அழைத்து இன்றே சொல்லுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள். ஜீப் ஐந்து மணிக்கே புறப்பட்டுவிடுகிறது.